தாய்லாந்தில் 60 நாள் முடியப்போகிறதா? பாடாங் பெசார் வழியாக எல்லை தாண்டித் திரும்ப முழுமையான வழிகாட்டி

2024 ஜூலை 15 முதல் 93 நாடுகளின் பாஸ்போர்ட்டுக்குத் தாய்லாந்து விசா இல்லாமல் 60 நாள் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதோடு "60 நாள் முடிந்தால் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டு அதே நாளில் திரும்பி வந்துவிடலாம், இன்னொரு 60 நாள் கிடைக்கும்" என்ற பேச்சும் பரவியது. இதைத்தான் விசா ரன் என்கிறார்கள். பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போகிறவர்கள்தான், மலேசியாவை விட்டு வெளியேறிவிட்டுத் தாய்லாந்துக்குள்ளும் போக முடியாமல், இரண்டு கவுண்ட்டர்களுக்கும் நடுவே பெட்டியோடு நிற்கிறார்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தரைவழியில் இப்போதைக்குச் சரியான திசை தெற்குதான்: தென் தாய்லாந்து நகரமான ஹாட் யாயிலிருந்து, எல்லை ரயில் நிலையமான பாடாங் பெசார் வழியாக மலேசியா. அந்த வழியைத்தான் இங்கே அடி அடியாகச் சொல்கிறோம்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

உள்ளே வந்த நாளும் கணக்கில் சேரும். ஜனவரி 5ஆம் தேதி இறங்கினால் 60ஆவது நாள் மார்ச் 5 (பிப்ரவரி 28 நாள் உள்ள ஆண்டில்), மார்ச் 6 அல்ல. இரண்டு மாதம்தானே என்று மனக்கணக்குப் போட்டு ஒரு நாள் தவறவிடுகிறவர்கள் ஏராளம். கணக்கே போடவேண்டாம். பாஸ்போர்ட்டில் அடித்த முத்திரையில் "எந்த நாள் வரை" என்று ஒரு தேதி இருக்கும். அந்த நாள் முடியும்வரைதான் அனுமதி. முத்திரை மங்கலாக இருந்தாலோ தேதி உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டாலோ கவுண்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். நகர்ந்துபோன பிறகு திருத்துவது பெரும்பாடு. 60 நாளை 30ஆகக் குறைக்கும் யோசனையும் 2025இலேயே அரசாங்க மட்டத்தில் பேசப்பட்டது. எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன் அன்றைய நிலவரத்தைத் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாத் அபராதம், உச்சவரம்பு 20,000 பாத். பணத்தைவிடப் பெரிய சேதம் பாஸ்போர்ட்டில் ஏறும் ஓவர்ஸ்டே (கெடு தாண்டித் தங்கிய) பதிவு. அடுத்த முறை எல்லையில் நிற்கும்போது அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். தானாகவே வந்து வெளியேறுகிறவருக்கு 90 நாளைத் தாண்டினால்தான் மறுநுழைவுத் தடை. தாய்லாந்துக்குள் எங்காவது சோதனையில் பிடிபட்டாலோ, ஒரு வருடத்துக்கும் குறைவான ஓவர்ஸ்டேக்கே 5 வருடத் தடை.

எல்லைக்குப் போகுமுன் இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போங்கள்

எல்லைக்கு ஓட வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை. நீங்கள் தங்கியிருக்கும் மாகாணத்தின் இமிக்ரேஷன் அலுவலகத்தில் 1,900 பாத் கட்டினால், 60 நாளுக்கு மேல் இன்னொரு 30 நாள் நீட்டிப்பு கிடைக்கும். இதைப் பயன்படுத்தாமல் நேராக எல்லைக்குப் போவது, கையிலிருக்கும் வாய்ப்பை வீணாக்குவதுதான். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

நீட்டிப்புக்குத் தேவையானவை: டி.எம். 7 என்ற படிவம், 4 × 6 செ.மீ. புகைப்படம் ஒன்று, பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்துக்கும் நுழைவு முத்திரைப் பக்கத்துக்கும் நகல், தங்குமிடச் சான்று. நகல் ஒவ்வொன்றிலும் நீங்கள் கையெழுத்துப் போடவேண்டும். தங்குமிடச் சான்றில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தட்டுகின்றன. வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் வீட்டுக்காரரோ ஹோட்டலோ 24 மணி நேரத்துக்குள் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் டி.எம். 30. ஹோட்டல்கள் வழக்கமாகச் செய்துவிடும். மாத வாடகைக்கு எடுத்த அபார்ட்மெண்டில் வீட்டுக்காரர் செய்திருக்க மாட்டார், உங்களுக்கும் தெரிந்திருக்காது. கவுண்ட்டரில் ரசீது கேட்பார்கள், திரும்பிப் போய் வாங்கி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். நீட்டிப்புக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரரிடம் ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8:30 முதல் மாலை 4:30 வரை. மதியம் 12 முதல் 1 வரை சாப்பாட்டு நேரம். 60 நாள் முடிய ஒரு வாரம் இருக்கும்போது போனால் போதும். முன்கூட்டிப் போவதால் நாள் குறையாது, 30 நாளும் பழைய கெடுவிலிருந்துதான் ஆரம்பிக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் மார்ச் 5 என்பது ஏப்ரல் 4 ஆகும். இரண்டாவது முறை நீட்டிப்புக் கேட்டால் 7 நாள்தான் என்று 2025 நவம்பரில் இமிக்ரேஷன் துறை சொல்லிவிட்டது.

இரண்டே வாய்ப்பு

தரைவழியாகவோ கடல்வழியாகவோ விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் நுழைவது ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான். 2016 டிசம்பர் 31 முதல் நடப்பில் இருக்கும் விதி இது. ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுவார்கள், முதல் நுழைவிலிருந்து 12 மாதம் என்று அல்ல. விமானத்தில் வந்தது இந்த இரண்டில் சேராது. விசா எடுத்துக்கொண்டு தரைவழியாக வந்ததும் சேராது.

பலர் மறந்துவிடுவது இது: பிப்ரவரியில் பினாங்கு சுற்றிப் பார்க்கப் போய் ரயிலில் ஹாட் யாய் வந்திருந்தால், விசா ரன் என்ற எண்ணமே இல்லாவிட்டாலும், இரண்டில் ஒன்று அப்போதே கழிந்துவிட்டது. கவுண்ட்டருக்குப் போகுமுன் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இந்த ஆண்டின் தாய்லாந்து நுழைவு முத்திரைகளை எண்ணுங்கள். முத்திரையிலேயே எந்தச் சாவடி என்று இருக்கும்.

இதற்கு மேலே இன்னொரு வடிகட்டி. வெளியே போய் உள்ளே வருவதையே வழக்கமாக வைத்திருப்பவர்கள், தக்க காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் அப்படிச் செய்திருந்தால், திருப்பி அனுப்பலாம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். இது விமான நிலையத்துக்கும் பொருந்தும். "தரைவழி இரண்டும் முடிந்தது, இனி விமானத்தில் போய் வருவோம்" என்ற கணக்கு முன்புபோல் எடுபடாது. புது பாஸ்போர்ட் எடுத்தாலும் பழைய கணக்கு அழியாது. உள்ளே வரும்போது விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

இதிலிருந்து எங்கள் திட்டமான பரிந்துரை: 60 நாள், அதன்மேல் 30 நாள் நீட்டிப்பு, பிறகு ஒரே ஒரு எல்லைப் பயணம், அத்தோடு அந்த ஆண்டுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது வாய்ப்பை அவசரத்துக்கு வையுங்கள். அதற்கும் மேலே தங்க வேண்டுமென்றால் முறையான விசா எடுப்பதுதான் வழி. கம்ப்யூட்டரில் வெளிநாட்டு வேலை பார்த்துக்கொண்டே தங்குகிறவர்களுக்கு டிடிவி என்ற விசா இருக்கிறது: 5 ஆண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள், கணக்கில் 5 லட்சம் பாத் இருப்புக் காட்ட வேண்டும். சுற்றுலா அனுமதியில் தாய்லாந்தில் வேலை செய்வது சட்டப்படி குற்றம், எத்தனை முத்திரை அடித்தாலும் அது மாறாது.

எந்த எல்லை

கம்போடியா எல்லைச் சாவடிகள் 2025 மோதலில் மூடப்பட்டன. போய்பெட் வழியாகப் போய் வந்த பழைய குறிப்புகளை நம்பிக் கிளம்பாதீர்கள். மியான்மர் பக்கம் உள்நாட்டுப் போர். அது சுற்றுலாப் பயணிக்கு வழியே இல்லை.

லாவோஸ் போகலாம். நோங் காய் நட்புறவுப் பாலத்தில் இந்தியர்களுக்கு அங்கேயே விசா தருகிறார்கள், இணையத்திலும் எடுக்கலாம். ஆனால் அதற்கு டாலரில் கட்டணம், ஒரு புகைப்படம், பாஸ்போர்ட்டில் முழுப் பக்கம் ஒன்று. டாலர் நோட்டு கசங்கியோ கிழிந்தோ இருந்தால் வாங்க மாட்டார்கள். பாங்காக்கிலோ வடகிழக்கிலோ இருப்பவர்களுக்கு இது பக்கம்.

மலேசியாவில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, பக்கமும் வீணாகாது. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்: தாய்லாந்து 60 நாள் கொடுத்தாலும் மலேசியா உங்களுக்கு விசா விலக்குத் தரவில்லை. ஈ-விசா கைக்கு வந்த பிறகே தாய்லாந்தை விட்டு வெளியேறுங்கள்.

மலேசிய எல்லையிலும் சாவடிகள் பல. சுங்கை கோலோக் நராத்திவாட் மாகாணத்தில் இருக்கிறது. நராத்திவாட், யாலா, பட்டானி மூன்றிலும் நீண்டகாலமாகக் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்து வருகின்றன. பல பயணக் காப்பீடுகள் அந்தப் பகுதிகளுக்குச் செல்லாது. மிஞ்சுவது இரண்டு: சடாவ், பாடாங் பெசார்.

சடாவ் பெரிய நெடுஞ்சாலைச் சாவடி. தாய்லாந்துப் பக்கம் டான் நோக் என்ற ஊர், மலேசியப் பக்கம் புக்கிட் காயு ஹீத்தாம். ஹாட் யாயிலிருந்து மினிவேனில் ஒரு மணி நேரம். தாய்லாந்து நேரம் காலை 5 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும். இதில் சிக்கல் மூன்று. இரு நாட்டுக் கவுண்ட்டர்களுக்கும் நடுவே நல்ல தூரம், வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வார இறுதியிலும் விடுமுறையிலும் மலேசியர்கள் காரும் பஸ்ஸுமாக ஹாட் யாய்க்கு வந்து குவிவார்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, மலேசியப் பள்ளி விடுமுறை, ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் எல்லாமே நெரிசல்தான். விசா ரன் ஆட்களை ஏற்றிவரும் வேன்கள் பெரும்பாலும் இங்கேதான் வரும் என்பதால் கேள்வியும் இங்கே அதிகம்.

எங்கள் தேர்வு பாடாங் பெசார் ரயில் நிலையம். இரு நாட்டு இமிக்ரேஷனும் ஒரே கட்டடத்தில், சில அடிகள் தள்ளி. நடக்க வேண்டாம், வேனுக்குப் பேரம் பேச வேண்டாம், எந்த முத்திரையையும் தவறவிட வழியில்லை.

என்று போவது

கடைசி நாளில் போகாதீர்கள். கெடுவுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே எல்லையைத் தாண்டுங்கள். ரயில் ரத்தாகலாம், உடம்பு முடியாமல் போகலாம். தென் தாய்லாந்தில் நவம்பர், டிசம்பர் கடும் மழைக்காலம். 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. அந்த வாரத்தில் கெடு முடிய இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

போன சூட்டோடு திரும்பவும் வேண்டாம். இரண்டு இரவாவது பினாங்கில் தங்குங்கள். மலேசியாவுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் வெளியேறும் முத்திரை கேட்டால் அங்கேயும் கேள்வி, தாய்லாந்துக் கவுண்ட்டரிலும் கேள்வி. இரண்டு நாள் இடைவெளி இருந்தால் அது உண்மையாகவே ஒரு பயணம், சொல்வதற்கும் பதில் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். போய்வர நான்கு முத்திரை: தாய்லாந்து வெளியேற்றம், மலேசியா நுழைவு, மலேசியா வெளியேற்றம், தாய்லாந்து நுழைவு. வெற்றுப் பக்கம் இரண்டு இருந்தால் கவலையில்லை.

20,000 பாத் ரொக்கம். காட்டச் சொல்வார்கள் என்று நிச்சயமில்லை, ஆனால் கேட்டால் நோட்டாகக் காட்ட வேண்டும். வங்கிச் செயலியில் இருப்பைக் காட்டினால் ஏற்பதும் மறுப்பதும் அந்த அதிகாரியின் விருப்பம். இந்திய கார்டில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 220 பாத்துக்குக் குறையாமல் பிடிப்பார்கள், அதனால் ஹாட் யாயிலேயே ஒரே தடவையாக எடுத்துவிடுங்கள். எல்லையில் ஏடிஎம் தேடி அலையாதீர்கள். இந்தப் பணத்தைச் செலவழிக்காமல் திரும்பும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். பினாங்குச் செலவுக்கு ரிங்கிட் தனி.

தாய்லாந்தை விட்டு வெளியேறும் விமான டிக்கெட். தேதி, புதிதாகக் கிடைக்கப்போகும் 60 நாளுக்குள் இருக்க வேண்டும். போட்டோஷாப்பில் செய்த டிக்கெட்டைக் காட்டி மாட்டிக்கொண்டால் அது பொய் ஆவணம் கொடுத்த குற்றம். சென்னைக்கோ திருச்சிக்கோ கோலாலம்பூருக்கோ ஒரு மலிவு டிக்கெட் நிஜமாகவே எடுத்து வையுங்கள்.

தாய்லாந்தில் திரும்பிவந்து தங்கும் இடத்தின் முன்பதிவு, பினாங்கில் தங்கும் இடத்தின் முன்பதிவு. எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்து ஒரு உறையில். எல்லை தாண்டியதும் உங்கள் தாய்லாந்து சிம் அடங்கிவிடும், கவுண்ட்டர் முன்னால் நின்று இணையத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டு இணையப் படிவங்கள்

நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவங்கள் இவை: மலேசியாவுக்கு எம்டிஏசி, தாய்லாந்துக்கு டிடிஏசி. இரண்டும் இலவசம். இரண்டையும் வந்துசேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். தாய்லாந்து 2025 மே 1 முதல் பழைய தாள் படிவத்தை நிறுத்திவிட்டு டிடிஏசியைக் கட்டாயமாக்கியது. முதல் தடவை விமானத்தில் வந்தபோது நிரப்பியது இப்போது செல்லாது. ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாக ஒன்று.

கூகிளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் காசு பிடுங்கும் தளங்கள். கட்டணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். தாய்லாந்து இமிக்ரேஷன் தளத்தின் முகவரி "டாட் கோ டாட் டிஎச்" என்று முடியும், மலேசியாவினுடையது "டாட் கவ் டாட் எம்ஒய்" என்று முடியும்.

நம் ஊர்க்காரர்கள் திணறுவது பெயர்க் கட்டத்தில்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்த இடம் காலி, சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சிட்டிருக்கிறதே, கவுண்ட்டர் கருவி படிப்பது அதைத்தான். அந்த வரியில் எது முதலில், எது பின்னால் என்று பார்த்து அப்படியே நிரப்புங்கள். இன்ஷியலை விரித்து எழுதுவதோ, இல்லாத பெயரைச் சேர்ப்பதோ வேண்டாம். குடும்பப் பெயர்க் கட்டம் காலியை ஏற்காவிட்டால் ஒரு சிறு கோடு போடுங்கள். டிடிஏசியில் பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினால் அதுவே நிரப்பிக்கொள்ளும், நிரப்பியதை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

பயண முறை என்ற இடத்தில் "தரைவழி". வந்துசேரும் தேதி, நீங்கள் திரும்பி தாய்லாந்துக்குள் வரும் தேதி. தங்கும் முகவரியை ஹோட்டல் பெயரோடு மட்டும் விடாமல் மாவட்டம், மாகாணம் வரை கொடுங்கள். முடிந்ததும் வரும் கியூஆர் குறியீட்டை அச்செடுத்து, போனிலும் படமாக வையுங்கள்.

போகும் நாள்

ஹாட் யாய் ஜங்ஷனிலிருந்து பாடாங் பெசாருக்கு உள்ளூர் ரயில் தினம் இரண்டு, காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. சுமார் ஒரு மணி நேரப் பயணம், கட்டணம் நூறு பாத்துக்குள். பாங்காக்கிலிருந்து மாலையில் கிளம்பி மறுநாள் காலை பாடாங் பெசார் சேரும் 45ஆம் எண் ரயிலும் உண்டு. ஹாட் யாயிலிருந்து போகிறவர்கள் காலை ரயிலைப் பிடியுங்கள். ஏதாவது கோளாறானால் சரிசெய்ய ஒரு பகல் மிச்சமிருக்கும்.

பாடாங் பெசார் என்ற பெயரில் இரண்டு நிலையம் இருக்கிறது. முதலில் வருவது தாய்லாந்துப் பக்கத்துச் சிறு நிலையம். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். கடைசி நிறுத்தம், எல்லை தாண்டி மலேசிய மண்ணில் இருக்கும் பெரிய கட்டடம், அங்கேதான் இறங்க வேண்டும்.

பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நடைமேடையிலிருந்து நேராக முதல் கவுண்ட்டர், தாய்லாந்து வெளியேற்றம். அடுத்தது மலேசிய நுழைவு. "எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள்" என்று கேட்பார்கள். பினாங்கு முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டினால் போதும். இரு கைகளின் சுட்டுவிரல்ரேகையையும் எடுத்துக்கொள்வார்கள். நகருமுன் பாஸ்போர்ட்டைத் திறந்து இரண்டு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. திரும்பும் நாளில் ரயிலைத் தவறவிடுகிறவர்களில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள். தாய்லாந்து ரயிலின் நேரம் தாய்லாந்து நேரத்தில், மலேசிய ரயிலின் நேரம் மலேசிய நேரத்தில், இரண்டும் ஒரே நிலையத்தில். டிக்கெட்டின் ஓரத்தில் பேனாவால் இரண்டு நேரத்தையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

மாடியில் மலேசிய ரயில் டிக்கெட் கவுண்ட்டர். பட்டர்வொர்த் போகும் கொம்யூட்டர் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடைசி நிறுத்தம். அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். குவீன் தெரு மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி அறை எடுக்கலாம், பணம் மாற்றலாம், அச்செடுக்கலாம்.

திரும்பும் நாள், கவுண்ட்டர் முன்னால்

உண்மையான பரீட்சை இது ஒன்றுதான். அதே நிலையம், அதே கட்டடம், வரிசை தலைகீழ்: முதலில் மலேசிய வெளியேற்றம், பிறகு தாய்லாந்து நுழைவு. இந்த இரண்டு முத்திரைக்கும் நடுவில் நீங்கள் எந்த நாட்டிலும் இல்லை என்பதை மனதில் வையுங்கள். அதனால் மலேசிய வெளியேற்ற முத்திரை வாங்குவதற்கு முன்பே காகிதங்களை வரிசைப்படுத்துங்கள்: பாஸ்போர்ட், டிடிஏசி அச்சு, வெளியேறும் விமான டிக்கெட், தங்குமிடம். பணம் தனி உறையில். கேட்காமல் எதையும் நீட்ட வேண்டாம், கேட்டதைத் தேடவும் வேண்டாம்.

முழங்கால் மூடிய உடை, காலில் செருப்பல்லாத ஏதாவது. இது மரியாதைக்காக மட்டுமல்ல. உண்மையான பயணியா என்பதை அவர்கள் அரை நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் மூன்று. எத்தனை நாள் இருப்பீர்கள்? எங்கே? இவ்வளவு நாள் இருந்துவிட்டு ஏன் மறுபடியும்? மூன்றாவதற்குத்தான் ஆயத்தம் வேண்டும். பொய் வேண்டாம். "வடக்கே சியாங் மாய் பக்கம் இன்னும் பார்க்கவில்லை, இன்ன தேதியில் ஊருக்குத் திரும்புகிறேன், இதோ டிக்கெட்" என்பதுபோல் உண்மையை இரண்டு வரியில் சொல்லுங்கள். நீளமாக விளக்க ஆரம்பித்தால் அதிலிருந்தே புதுக் கேள்வி பிறக்கும். குரலை உயர்த்துவதும், முன்னால் போனவரை ஏன் விட்டீர்கள் என்று கேட்பதும் காரியத்தைக் கெடுக்கும்.

முத்திரை விழுந்ததும் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 2ஆம் தேதி நுழைந்தால் மே 31 என்று இருக்க வேண்டும். அதற்குக் குறைவான தேதி இருந்தால் அங்கேயே பணிவாகக் கேளுங்கள்.

உள்ளே விடாவிட்டால்

வாதாடாமல் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தரைவழி எண்ணிக்கை முடிந்ததா, பணமோ டிக்கெட்டோ போதவில்லையா, அடிக்கடி வருகிறீர்கள் என்ற சந்தேகமா? காகிதம் குறைதான் என்றால் அதைச் சரிசெய்து வரலாமா என்று கேட்கலாம். மற்ற இரண்டும் என்றால் அன்று அந்தக் கதவு மூடிவிட்டது. திரும்பி மலேசியக் கவுண்ட்டருக்குப் போய், தாய்லாந்தில் அனுமதி கிடைக்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்த சாவடிக்கு ஓடி மறுபடி முயற்சி செய்யாதீர்கள், மறுத்த பதிவு கணினியில் எல்லாச் சாவடிக்கும் தெரியும்.

பிறகு இரண்டு வழி. மலேசியாவில் இருந்தபடியே இணையத்தில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் உலகெங்கும் தாய்லாந்து விசா விண்ணப்பம் இணையவழிதான். ஒரு நுழைவுக்கு 60 நாள் கிடைக்கும். சில வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும், வங்கிக் கணக்கு விவரமும் டிக்கெட்டும் கேட்பார்கள். உங்களுக்கு மலேசியாவில் 30 நாள் இருப்பதால் பதற்றமில்லை. இன்னொரு வழி, பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஊருக்கு விமானம். இப்படியும் ஆகலாம் என்பதால்தான் லேப்டாப், மருந்து, சான்றிதழ் போன்ற முக்கியமானவற்றைத் தாய்லாந்து அறையில் பூட்டிவிட்டு வரக் கூடாது. துணிமணி போனால் போகட்டும், முக்கியமானவை கூடவே இருக்கட்டும்.

ஏஜெண்டுகள்

வேனில் கூட்டிப் போய்க் கூட்டிவருகிறவர்கள் வெறும் போக்குவரத்துக்குக் காசு வாங்கினால் அதில் தப்பில்லை. "நீங்கள் வர வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்கள், முத்திரை அடித்துத் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த முத்திரை போலியாக இருக்கும், அல்லது லஞ்சத்தில் அடித்ததாக இருக்கும். கணினியில் உங்கள் விரல்ரேகையோடு அது ஒத்துப்போகாது. பிடிபடும்போது ஜெயிலுக்குப் போவது பாஸ்போர்ட் யாருடையதோ அவர்தான்.

திரும்பிவந்த பிறகு

புதிய முத்திரைப் பக்கத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். மாத வாடகை வீட்டுக்குத் திரும்பினால், பழைய டி.எம். 30 ரசீது கையில் இருந்தாலும், புதிய நுழைவுக்கு மறுபடி பதிவு செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் முத்திரைப் படத்தை அனுப்புங்கள். இதன்மேல் இன்னொரு 30 நாள் நீட்டிப்புக் கேட்கும் எண்ணம் இருந்தால், இமிக்ரேஷன் அலுவலகத்தில் முதலில் கேட்கப்போவது புதிய தேதியிட்ட அந்த ரசீதைத்தான்.